கெயின் மிஸ்திரியின் உப்புக் கடல்

கடலைக் கண்ணால் பார்க்காமலேயே கடலை அதட்டி வேலை வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் நைனார்பாளையத்தில் இருந்தார். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். ஊர் வைத்த பெயர் கெயின் மிஸ்திரி. பெற்றோர் வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

விதைக் கம்பெனிக்காக நான் சின்னசேலம் வட்டாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மனைவி இறந்துபோய்க் கீழே அவர் மட்டும்தான். ஒரே பையன் பிரபு, டிரைவர் வேலை என்று வளைகுடாவுக்குப் போனவன். அங்கே இறங்கியதும் மீன்பிடி படகில் ஏற்றிவிட்டார்கள். மக்காச்சோளக் கொல்லையில் வளர்ந்த பையனுக்கு வலை இழுக்க வரவில்லை. சரி, இதையாவது பார் என்று மீன் காட்டும் மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பி வருவதை வைத்து மீன் எங்கே, கடலின் அடி எங்கே என்று திரையில் காட்டும் மெஷின் அது. பிரபு வீடியோ எடுத்து அனுப்பினான். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பனிதான் கொட்டிக்கொண்டிருந்தது.

"மோட்டார்ல கரண்டு எங்க பூட்ச்சின்னு கண்டுபிடிக்கிறேன். மீனு எங்க பூட்ச்சின்னு கண்டுபிடிக்க மாட்டனா?" என்றார் மிஸ்திரி. கடலூர் துறைமுகத்தில் தெரிந்த ஆளைப் பிடித்து, அதே மாதிரி பழைய மெஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார்.

முதல் சோதனை பக்கத்துக் கொல்லைக் கிணற்றில். ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் உருண்டையை, மெஷினின் காதை, கயிற்றில் கட்டி இறக்கினார். திரையில் வளைவு வளைவாக ஏதோ ஓடியது. "ஜிலேபி கெண்ட!" என்று அவர் குதித்த குதியில் நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. மெஷினில் நன்னீருக்கு ஒன்று, உப்புநீருக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பு இருந்தது. பையன் இருப்பது உப்புநீரில். மிஸ்திரி நேரே கொல்லைக்காரரிடம் போய், "கெணத்துல கொஞ்சம் உப்புக் கொட்டிக்கலாங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். அவரும் மரியாதையாகத்தான் மண்வெட்டியைத் தேடினார். நாங்கள் மக்காச்சோளத்துக்குள் புகுந்து ஓடினோம்.

பிறகு வீட்டுச் சிமென்ட் தொட்டியே கடலாயிற்று. கல்லுப்பை மூட்டையாகக் கொட்டிக் கலக்கினார். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் எருமை வழக்கம்போல வந்து ஒரு வாய் வைத்து, திரும்பி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"யோவ் மிஸ்திரி, எரும மாட்ட ஊறுகா போடப் போறியா?" என்று அக்கா கத்தினார்.

"கடலு அக்கா இது. நீ மாட்ட ஓட்டிகினு போ."

தொட்டிக்கு ஆழம் பத்தாது என்று மெஷின் சாதித்தது. அவர் கேட்கவில்லை. பொத்தான் ஒவ்வொன்றையும் அமுக்கி அமுக்கியே படித்துவிட்டார்.

படகு சிக்னல் எல்லைக்குள் வந்ததும் பிரபு கூப்பிடுவான். கல்வராயன் மலையில் மழை இறங்கினால் எங்கள் ஊரில் சிக்னல் படுத்துவிடும் என்பதால் மிஸ்திரி போனை ஸ்பீக்கரில் போட்டு முருங்கைமரக் கிளையில் தொங்கவிட்டிருப்பார். தெருவே மீன் பிடிக்கும்.

"அடி தெர்தாடா?"

"இல்லப்பா. ஒரே பனியா கீது."

"கெயின ஏத்தி வெச்சிக்கீற. கெயினுன்னா மெஷினுக்குக் காது கேக்கற அளவு. அது ஜாஸ்தியாப் பூட்ச்சின்னா தூசி தும்பெல்லாம் மீனாத்தான் தெரியும். பனி போற வரைக்கும் கம்மி பண்ணு. ஆழத்துக்குப் பூட்டா அலைவரிசைய எறக்கு."

"வந்துட்ச்சிப்பா."

"சாப்ட்டியா?"

"ம்."

அவ்வளவுதான். அப்பனுக்கும் மகனுக்கும் வேறு பேச்சு வராது. அம்மா இருந்தவரை அவர்தான் இடையில் நின்று பேசியிருக்கிறார். இப்போது மெஷின் பேசியது.

ஒருநாள் கேட்டேன், "ஏன் மிஸ்திரி, எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லிக் குடுத்துடலாமே?"

"குடுத்துட்டா?" என்றார். "அப்பறம் இன்னாத்துக்கு சார் போன் பண்ணுவான்?"

ஒரு பொத்தானை மட்டும் சொல்லாமலே வைத்திருந்தார். வேண்டாத சத்தத்தை ஒதுக்கும் பொத்தான், நாய்ஸ் ரிஜெக்ட். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குள் ஒருநாள் வேறொரு படகு பக்கத்தில் வந்திருக்கிறது. அதன் மெஷின் சத்தம் பிரபுவின் திரையில் புள்ளி புள்ளியாகக் கொட்ட, பையன் பெரிய மீன் கூட்டம் என்று கூவி வலையை இறக்க வைத்துவிட்டான். வந்தது சொறி மீனும் ஒற்றைச் செருப்பும். முதலாளி அவனை மெஷினைவிட்டு எழுப்பிவிட்டார். இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவன் அப்புறம் கூப்பிடவே இல்லை.

மிஸ்திரி ஒடுங்கிப்போனார். யார் வீட்டில் போன் அடித்தாலும் கட்டிய காயிலைப் போட்டுவிட்டு முருங்கைமரத்துக்கு ஓடினார். பஸ் நின்றால் எட்டிப் பார்த்தார். கெயினை ஏற்றினால் எல்லாம் மீனாகத் தெரியும் என்று ஊருக்கே பாடம் எடுத்த மனிதர்! "நாந்தான் சார் அவன் பொழப்புல உப்பள்ளிப் போட்டேன்" என்று தொட்டியருகே உட்கார்ந்திருப்பார். சிரிக்கவைக்க எருமையைப் பற்றிப் பேசுவேன். சிரிக்கமாட்டார்.

ஒரு காலையில் முருங்கைமரம் பேசியது. "அப்பா, அடி தெரியலப்பா."

ஓடிப்போய் நின்ற மிஸ்திரி, நாய்ஸ் ரிஜெக்ட் உட்பட அத்தனையையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனாலும் பிரபு மறுவாரமும் கூப்பிட்டு அதையே கேட்டான். அடுத்த வாரமும் கேட்டான்.

எனக்குத்தான் உறுத்தியது. போனில் படகு எஞ்சின் சத்தமே இல்லை. குளிர்சாதன மெஷின் உறுமியது; ஏதோ வண்டி பின்னால் நகர்ந்து பீப் பீப் என்றது. பிரபுவுக்குத் தனியாகப் போன் போட்டுக் கேட்டேன்.

"கடல வுட்டே வந்துட்டேன்ணே. இப்ப ஐஸ் குடோன்ல கீறேன்," என்றான். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. வேற இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரியல."

நான் சொல்லவில்லை. மாற்றல் வந்து மூட்டை கட்டிய அன்று மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "மிஸ்திரி, பிரபு பேசும்போது பின்னால ஏதோ பீப் பீப்னு…"

காயிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "கேக்குது சார். மொத நாளே கேட்டுச்சி. நாய்ஸ் ரிஜெக்ட் போட்டு வுட்டுட்டேன்."

இப்போது நான் வேறு ஊரில், ஒற்றை அறையில் இருக்கிறேன். மீன் தொட்டிகூட என்னிடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போர் அடித்தால் அவரைக் கூப்பிடுவேன்.

"இன்னா சார், அடி தெர்தா?" என்பார்.

"தெரியலைங்க மிஸ்திரி," என்பேன். "கொஞ்சம் சொல்லுங்க."