வெந்நீர் பாயும் கோட்டைக்குள் கிடந்த கிண்ணமும்

வளைகுடாவில் பிழைக்க வந்த அத்தனை பேரும் ஐஸ் தேடி அலைகிறவர்கள். ஆகஸ்ட் மாதத்து மத்தியானத்தில், ஆவி பறக்கும் வெந்நீரை ஊற்றிக்கொடுத்து, குடித்தவர்களிடம் கும்பிடும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் வெந்நீர் பாய்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்தது. அதை இமிகிரேஷன் கவுண்டரைத் தவிர வேறு எங்கும் யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

துபாய் தேராவில் ஒரு சின்ன டூரிஸ்ட் கம்பெனி. நான் புக்கிங் பார்த்தேன், பாய் வேன் ஓட்டினார். காயல்பட்டினத்துக்காரர். சீனர்கள் விசாவே இல்லாமல் அமீரகத்துக்கு வரலாம் என்று ஆனது 2018 ஜனவரியில். நடுவில் கொரோனா எல்லாக் கதவையும் சாத்தியது. சீனா தன் குழுப் பயணிகளை மறுபடி வெளியே விட்டது 2023 பிப்ரவரியில். அவர்கள் போகலாம் என்ற நாடுகளின் முதல் பட்டியலிலேயே அமீரகம் இருந்தது. நம் ஆட்கள் சரக்கு வாங்கச் சீனாவின் குவாங்சோவுக்குப் பறக்க, அங்கிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்கினார்கள். தேதி சொன்னால் பாய்க்குப் பிடிக்காது. "தேதி காலண்டர்ல கெடக்கு தம்பி, நீங்க விஷயத்தச் சொல்லுங்கோ" என்பார்.

முதல் சீனக் குழு வந்த அன்று பாய் தன் சொந்த ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில் வாங்கி அடுக்கியிருந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார். அவர்கள் சிரித்தபடி வாங்கி, வரிசையாக ஜன்னலோரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். சூடேறட்டும் என்று! கண்ணாடியில் இதைப் பார்த்த பாய் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றுவிட்டார். பின்னால் ஹாரன் முழங்கியது.

"நான் என்ன கொறை வச்சேன்? ஏன் தம்பி எந்தண்ணியக் காயப்போடுதாங்க?"

கைடு வேலைக்கு லின் என்றொரு சீனப் பெண் இருந்தாள். துபாய்க் கடைத்தெருவில் பழகிய இந்தியில் விளக்கினாள். அவர்கள் ஊரில் சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீர்தான் குடிப்பார்கள், குளிர்ந்த தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்பார்கள்.

மறுநாள் வேனின் கடைசி வரிசை முழுக்க ஃப்ளாஸ்க்குகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சீட் பெல்ட் போட்டிருந்தது. வழியில் சோதனைக்கு ஏறிய அதிகாரி பயணிகளைப் பார்த்தார், ஃப்ளாஸ்க்குகளைப் பார்த்தார், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். குற்றம் சொல்ல எதுவும் கிடைக்காமல் இறங்கிப்போனார். அன்று விழுந்ததுதான் பெயர்.

அதற்குப் பிறகு பாய்க்குச் சீனாவைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. "சீனாக்காரனும் நாமளும் ஒண்ணு தம்பி. அரிசிச் சோறு, மீனு, மாமியா சண்ட. வேற என்ன வேணும்?" பெருஞ்சுவரைப் பற்றிக் கேட்டால், "மெயின் கான்ட்ராக்ட் ராசாவுது. சுண்ணாம்பு சப்ளை எங்க ஊருது" என்பார். நான் நூற்றாண்டுக் கணக்கைச் சொல்லி மறுப்பேன். அவர் வேனைத் துடைக்கப் போய்விடுவார்.

பாயின் ரூட் ராஸ் அல் கைமா. ஒரு மலை, ஒரு கடற்கரை, நடுவில் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம். அந்தக் கோட்டைதான் வம்பாக முடிந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வேன் அங்கே போய் நிற்கும்போது பயணிகள் எல்லோரும் வாய் திறந்து தூங்குவார்கள். லின் மைக்கில் கெஞ்சுவாள். யாராவது ஒருவர் கண் விழித்து, கோட்டையை வேனுக்குள்ளிருந்தே ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி தூங்குவார்.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். வேலையை விட்டே தூக்குவதானாலும் மரியாதை குறையாமல் தூக்குவார்.

"ஏனுங்க பாய், கோட்டைய அடுத்த மாசத்துலேருந்து நிறுத்திடலாமுங்க. மால்ல கூட ஒரு மணி நேரம் குடுத்தா கடைக்காரங்களும் சந்தோஷப்படுவாங்க. மாலுக்குப் பெரிய பஸ்ஸு போதுமுங்க."

"அப்ப என் வேனு?"

"ஜெபல் அலியில கேம்ப் டியூட்டி இருக்குதுங்க. லேபர் பஸ்ஸு. காலைல வேலையாளுங்கள ஏத்தி, சாயந்திரம் எறக்கோணும். அவ்வளவுதானுங்க."

பாய் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. லேபர் பஸ் ஓட்டுவது அவருக்குக் கேவலம் இல்லை. வந்த புதிதில் வருடக்கணக்காக ஓட்டியவர்தான். "ஏறுதவன் தூங்குவான், எறங்குதவன் தூங்குவான். பாவம், அவன் அலுப்பு அவனுக்கு. நான் யார்ட்ட தம்பி பேசுவேன்?" என்றார். பேச ஆள் இல்லாத இடத்தில் பாயை நிறுத்துவது மீனைத் தரையில் போடுவது மாதிரி. நேரே மேனேஜரிடம் போய் ஒரு ட்ரிப் தவணை கேட்டார். "அந்த ஒரு ட்ரிப்ல அம்புட்டு பேரும் கோட்டைக்குள்ள எறங்கலேன்னா, நானே சாவியக் குடுத்துட்டு ஜெபல் அலிக்குப் போயிருதேன்." மேனேஜரும் சரி என்று தானே கூட வந்தார். சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பாயின் திட்டம் எளியது. அன்று வேனில் ஒரு ஃப்ளாஸ்க் கிடையாது. விடிகாலையிலேயே எல்லாவற்றையும் கொண்டுபோய், கோட்டையில் வாட்ச்மேனாக இருந்த பாகிஸ்தான் பட்டாணி நண்பரின் அறையில் வெந்நீர் போட்டு நிரப்பி, உள்முற்றத்தில் நிழல் பார்த்து அடுக்கிவிட்டு வந்திருந்தார். கண்காட்சி அறையைக் கடந்துதான் முற்றத்துக்குப் போக முடியும்.

சாப்பாடு முடிந்து வேன் கோட்டை முன்னால் வந்து நின்றது. எல்லோரும் தங்கள் குடுவைகளை நீட்டினார்கள். பாய் இரு கைகளையும் விரித்தார். "பானி மாஃபி! எல்லாம் உள்ள இரிக்கி! யல்லா!" கோட்டை வாசலைக் காட்டினார். லின் சீனத்தில் சொன்னாள். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு, அல்லாஹ்வின் கிருபை, ஒருவர் பாக்கியில்லாமல் குடுவையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மேனேஜர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

பாய் முன்னால் ஓடி முற்றத்தில் ஃப்ளாஸ்க் திறந்து காத்து நின்றார். நானும் நின்றேன். ஒருவரும் வரவில்லை. ஆவி போய்க்கொண்டே இருந்தது. பாயின் முகமும் கூடவே போனது.

"தம்பி, ஏசி அறைல நின்னே தூங்கிட்டாங்க போல. முடிஞ்சிச்சு. கலாஸ்."

அப்போது உள்ளே ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டது. ஓடினோம். கூட்டத்தில் வயதான அம்மாள் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். உள்ளே அந்த வட்டாரத்துப் பழைய ஜுல்ஃபார் துறைமுகத்து மணலில் தோண்டியெடுத்த உடைந்த கிண்ணத் துண்டுகள், வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ. அந்தம்மாள் கண்ணில் நீர் வழிய, விரலைக் காற்றில் வளைத்து வளைத்து அந்தப் பூவை வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நெருக்கினார்கள்.

பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "லின் மவளே, அந்தம்மாட்ட சொல்லு, நாங்க ஒடைக்கல! வரும்போதே இப்பிடித்தான் இருந்திச்சாம்!"

இதற்கு லின் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் கண் நனைந்தது. அந்தம்மாள் ஜிங்தஜென் ஊர்க்காரர். பீங்கானுக்குப் பேர்போன ஊர். ஓய்வு பெறும்வரை அங்கே கிண்ணத்தில் நீலப் பூ எழுதுவதுதான் வேலை. "எங்க ஊர்ச் சட்டி எனக்கு முன்னாடி இங்க வந்து உக்காந்திருக்கு" என்கிறாராம்.

அதற்கு மேல் அந்த அறை திருவிழாவாகிவிட்டது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள், வீடியோவில் ஊரைக் கூப்பிட்டார்கள், அந்தம்மாளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பேசவைத்தார்கள். மால் கடைக்காரர் மேனேஜரை விடாமல் போனில் அழைத்தார். "மேடம், ஷாப்பிங்குங்க மேடம்..." என்று மேனேஜர் ஒவ்வொருவராகக் கெஞ்சினார். ஒரு பெரியவர் அவர் கையில் தன் கேமராவைக் கொடுத்து, எங்களை எல்லாம் சேர்த்து ஒரு படம் எடு என்று சைகை காட்டினார். எடுத்தார், பாவம். கோட்டையைப் பூட்டும் நேரம் வந்து, பட்டாணி சாவிக்கொத்தைக் குலுக்கிய பிறகுதான் கூட்டம் கிளம்பியது. வேனில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. பாய்க்காகக் கை தட்டினார்கள். அவர் ஸ்டீயரிங்கை விடாமல் தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொண்டார்.

படங்கள் சீனாவில் எங்கெங்கே சுற்றினவோ, அடுத்த மாதம் வந்த குழு இறங்கியதுமே கிண்ணம் இருக்கிற கோட்டை எங்கே என்றுதான் கேட்டது. அதற்கடுத்ததும் அப்படியே. மேனேஜர் கோட்டையைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினார். மால் நேரம் பாதியாகக் குறைந்தது. "பாய், ராஸ் அல் கைமா ரூட்டு உங்க பேருக்கே எழுதியாச்சுங்க. வேற ஆரும் தொடமாட்டாங்க" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பாய். அவர் எப்போதுமே சொன்னதில்லை. "அந்தச் சட்டிய ஏத்திட்டு வந்த கப்பலு எங்க ஊர்ல நின்னு தண்ணி புடிச்சிட்டுத்தான் வந்திரிக்கும்."

வழக்கம்போல் மறுக்க வாயெடுத்தேன். முடியவில்லை. காயல் அந்தக் காலத்துப் பெரிய துறைமுகம், நம் கடற்கரை மணலிலும் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. முதன்முறையாகப் பாய் சொன்னதில் நடக்க இயலாதது ஒன்றும் இல்லை. நான் மறுக்காததைப் பார்த்து அவரே பயந்துபோனார். "என்ன தம்பி, ஒடம்பு சரியில்லையா?"

அன்று சாயங்காலம் அஜ்மானில் என் அறைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. ஷெட்டுக்குக் கிளம்பிய வேனில் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"எங்க தம்பி போவணும்?"

"எங்கேயும் இல்லை பாய். நீங்க பேசிக்கிட்டே ஓட்டுங்க."