நிற்காத ரயிலில் மாமாவும் நானும்

பாசிக்குடாவில் கடற்கரை விடுதி ஒன்றில் வேலை செய்பவனுக்கு, உலகம் முழுவதும் தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது முற்றிப் போயிருந்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பயணத்திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. காலையில் கடல், மத்தியானம் வாவி, பின்னேரம் கோயில். யாரும் குறை சொன்னதில்லை. (குறை சொல்ல அவர்கள் திரும்பி வரவேண்டுமே!)

இந்தத் தலைக்கனத்தோடுதான் என் மனைவி சுபாவின் தம்பி கல்யாணத்துக்கு அமெரிக்கா போனேன். கல்யாணம் முடிந்து, ஊருக்கு விமானம் ஏறுமுன் இரண்டு நாள் மிச்சமிருந்தது. சுபா, அவளுடைய அப்பா, நான் மூவரும் நியூயோர்க்கைப் பார்ப்பதாக முடிவானது. புது மாப்பிள்ளையை அலைக்கழிக்க வேண்டாம், எல்லாம் என் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டினேன்.

மாமா செட்டிபாளையத்தில் வயல் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் அவராகவே வாய் திறந்தார்.

"எனக்கு ஊர் பாக்கத் தேவல்ல மருமகன். பேரின்பத்தக் கண்டாக் காணும்."

பேரின்பம் அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. இருவரும் சேர்ந்து வாவியில் இறால் பிடித்தவர்கள். பிரச்சினைக் காலத்தில், சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவர், பிறகு வரவேயில்லை. நியூயோர்க்கின் ஒரு மூலையில் காவலாளியாக இருந்தார்.

அவரையும் என் திட்டத்தில் சேர்த்தேன். எங்கே? இரண்டாம் நாள், எல்லாவற்றுக்கும் கடைசியில். சிலை, பாலம், அருங்காட்சியகம், கோபுரம், அதற்குப் பிறகு பேரின்பம். விடுதியில் வெள்ளைக்காரர்களைச் சாமான் கடைக்குக் கூட்டிப்போவதைக்கூட நான் அவ்வளவு பின்னால் போட்டதில்லை.

பேரின்பம் தொலைபேசியில் படித்துப் படித்துச் சொன்னார்.

"தம்பி, பின்னேரம் நான் வேலைக்குப் போகோணும், அதுக்கு முதல் வாங்க. நான் ஸ்டேசனிலயே நிப்பன். விரைவு ரயில்ல மட்டும் ஏறிராதீங்க, அது இஞ்ச நிக்காது."

"எனக்குத் தெரியும் அங்கிள்," என்றேன். (தெரியாது.)

முதல் நாள் மாமாவை ஓட ஓட விரட்டினேன். இரண்டாம் நாள், வானத்தை முட்டும் கட்டடத்தின் உச்சிக்குப் போக நீண்ட வரிசையில் நின்றோம். ஏறிப் பார்த்தால் சுற்றிவர வெறும் மேகம்.

"இத எங்கட வட்டையில வயலுக்க நிண்டே பாக்கலாமே," என்றார் மாமா. பிறகு மெதுவாக, "பேரின்பத்திட்டப் போவமா?"

"இந்தா, இன்னும் ஒரே ஒரு இடம் மாமா."

அந்த ஒரே ஒரு இடம் முடிந்தபோது நேரம் போய்விட்டது. பதறியடித்து ரயில் நிலையத்துக்கு ஓடினோம். வந்து நின்ற ரயிலில் இருவரையும் தள்ளி ஏற்றினேன்.

"இஞ்சேருங்க, இது நிக்கிற ரயிலா?" என்றாள் சுபா.

"ரயில் எண்டா நிக்கும்தானே!"

ரயில் தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடியது. மாமா சட்டையைச் சரிசெய்து, தலையை வாரிக்கொண்டு, கதவருகே போய் நின்றார். பேரின்பம் சொன்ன நிலையம் வந்தது. ரயில் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

மேடையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மெலிந்த கிழவர், கையில் சாப்பாட்டுப் பையோடு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தார். பேரின்பம் அவரைக் கண்டுகொண்டார். வாய் அகலத் திறந்தது, கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. ரயிலோடு நாலைந்து அடி ஓடிவந்தார். பிறகு அவரைக் காணவில்லை.

அடுத்து நின்ற இடத்தில் இறங்கி, யோசிக்காமல் எதிர்ப்பக்க ரயிலில் இருவரையும் ஏற்றினேன். பாதி வழியில் தொலைபேசி அடித்தது.

"அங்கேயே நில்லுங்க தம்பி, நான் உங்களத் தேடி ரயில்ல வாறன்!"

அவர் அங்கே போய் இறங்க, நாங்கள் அவருடைய நிலையத்தில் வந்து இறங்கினோம். அதற்குள் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. விடிந்தால் எங்களுக்கு விமானம். வெறும் மேடையில் மாமா கனநேரம் நின்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அடுத்த மாரிக்குள் பேரின்பம் காலமாகிவிட்டார்.

இன்றைக்கும் ஊரில் யாராவது, "பேரின்பத்த அங்க கண்டீங்களா?" என்று கேட்டால், மாமா என் பக்கம் திரும்பாமலே பதில் சொல்வார்.

"ஓம், கண்டன். மருமகன் நிப்பாட்டாமக் காட்டினவர்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மாமா மட்டும் வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் இழுத்து, பாக்குச் சீவத் தொடங்கிவிடுவார்.