மாமா எண்ணெய் போட்ட சைக்கிள்

காரைக்கால்காரர்களுக்கு பிரேக்கின் அருமை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேடு என்று ஒன்று இருந்தால்தானே இறக்கம் என்று ஒன்று இருக்கும்? எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வரப்பு. அதைவிட உயரமாக ஏதாவது ஏற வேண்டுமென்றால் ஆற்றுப் பாலத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற இடத்திலெல்லாம் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் தானாக நின்றுவிடும். (மாடு குறுக்கே வந்தால் மாடு நிற்கும், நாம் சுற்றிக்கொண்டு போவோம்.) இந்தப் பூகோளம் என் மாமனாரின் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதனால்தான் ஓர் ஆயுத பூஜை அன்று, கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, பொரிக் குவியலுக்குள் தலைகுப்புறப் போனேன்.

சைக்கிள் என் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நாற்பது வயதைத் தொட்டதும் டாக்டர், "சர்க்கரை எல்லையில நிக்குதும்மா, தினம் நடங்க" என்றார். நடந்தால் தெருவில் எல்லோரும் நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் எங்கள் அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனார். போகிறபோது தன் பந்தய சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போக ஆள் தேடினார். பிரேம் அலுமினியம், முன் ஃபோர்க்கு கார்பன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர்க் குடத்தைவிட லேசாக இருந்தது. எனக்கு அப்போதே புத்தி பேதலித்துவிட்டது. வாங்கிவிட்டேன்.

காரைக்காலை ஒட்டிய எங்கள் ஊர் போலகத்தில், எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். நிறுத்த முடியவில்லை, அதற்கு ஸ்டாண்டு கிடையாது. சுவரில் சாய்த்தேன்.

மாமா வெளியே வந்து அதைச் சுற்றி வந்தார். மாமா என்றால் என் மாமனார். விவசாயி. அதைவிட முக்கியம், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆயில் இன்ஜின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வரப்பில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

"மணி எங்கம்மா?"

"இதுல மணி வராது மாமா."

"மட்காடு?"

"அதுவும் வராது."

"கேரியரு? ஒரு உர மூட்டைய வைக்கணும்னா எங்க வைக்கிறது?"

"இது பந்தய சைக்கிள் மாமா. கார்பன்லாம் போட்டு செஞ்சது."

"கார்பன்னா கரிதானே. வாஞ்சூர் துறைமுகத்துல கப்பல் கப்பலா எறங்குது. அதுல போயி சைக்கிள் செய்யிறானா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அவர் அதைச் சைக்கிள் என்றே சொன்னதில்லை. 'அது' என்பார். "அது மேல துணி காயப்போட்டுறாத, வளஞ்சிரும்" என்பார் அத்தையிடம்.

அத்தைக்கு சைக்கிளைவிட என் ஹெல்மெட்டின் மேல்தான் கண். "தலையில என்னாடி கவுத்திருக்க, தேங்கா மூடியாட்டம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். செருப்பு விவகாரம் அதைவிட மோசம். இந்த சைக்கிளுக்கென்று தனி ஷூ இருக்கிறது. மிதித்தால் பெடலோடு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். திருப்ப மறந்து, டீக்கடை வாசலில் நின்ற இடத்திலேயே, சைக்கிளோடு சேர்ந்து அப்படியே சாய்ந்தேன். ஓடும்போது விழுந்தாலாவது கொஞ்சம் கௌரவம் இருக்கும்.

இருந்தும் விடவில்லை. விடியற்காலையில் கிளம்பி, காரைக்கால் நண்பர்களோடு சேர்ந்து திருவேட்டக்குடி கடற்கரை வரை போய், வலையிலிருந்து மீன் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வரும் அளவுக்குத் தேறினேன். அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் பாண்டிச்சேரிப் பயணம் என்ற பேச்சு வந்தது. எங்களுக்கு எல்லாமே பாண்டிச்சேரிதான். கோப்பு போவதும் அங்கேதான், பதவி உயர்வு வருவதும் (வந்தால்) அங்கிருந்துதான். எத்தனையோ முறை பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரே ஒரு தடவை என் சொந்தக் காலால் மிதித்து அந்த ஊருக்குள் நுழைய வேண்டும் என்று எனக்கு வந்த ஆசை இருக்கிறதே, கல்யாணப் புடவைக்குக்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

என் கணவரிடம் கேட்டேன். "அப்பா சரின்னா சரி" என்றார். (அவர் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வார்.) மாமாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"ஆயுத பூஜ முடியட்டும். அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் அத ஓட்டிக் காட்டு. நீ ஓட்டுற லெச்சணத்தப் பாத்துட்டு சொல்றன்."

ஆக, பாண்டிச்சேரி முழுக்க அந்த ஒரு சாயங்காலத்தில் தொங்கியது.

ஆயுத பூஜை அன்று மதியம், சுண்டலுக்குத் தாளித்துவிட்டு வெளியே வந்தவள் அசந்து நின்றுவிட்டேன். வாசலில் மாமாவின் மொபெட், பம்புசெட் மோட்டார், மண்வெட்டி, கதிர் அரிவாள், அத்தையின் அரிவாள்மனை எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. அந்த வரிசையில் முதலாவதாக என் சைக்கிள். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை. பிரேமில் விபூதிப் பட்டை. இரண்டு சக்கரத்திலும் சுற்றிலும் சந்தனம், குங்குமம். அதன் பக்கத்தில் மாமா கையில் பழைய துணியோடு உட்கார்ந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

என்னைப் பார்த்ததும், "கெடக்குதேன்னு தொடச்சன்" என்றார்.

இந்த மனுஷர் நான் கேட்காமலேயே உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். அந்த நிமிஷம் அவர் பாண்டிச்சேரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். (பொய். பட்டிருப்பேன்.)

பூஜை முடிந்ததும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மொபெட் அதை நசுக்கிக்கொண்டு போனது. என் சைக்கிளின் டயர் எலுமிச்சம்பழத்தைவிட ஒல்லி. பழம் நசுங்க மறுத்து உருண்டு ஓடியது. அத்தை அதை சகுனம் என்றார், நான் காதில் வாங்கவில்லை.

"பாலம் தாண்டி கடத்தெரு வரைக்கும் போ, நான் பின்னால வர்றன்" என்று மாமா மொபெட்டை உதைத்தார்.

கிளம்பினேன். சைக்கிள் பறந்தது. அப்படி வழுவழுவென்று அது அதற்கு முன் ஓடியதே இல்லை. மாமாவின் கை பட்டதும் இன்ஜின்தான் குணமாகும் என்று நினைத்தோம், சைக்கிளுமா என்று உள்ளுக்குள் வியந்துகொண்டே மிதித்தேன். பின்னால் பார்க்கிறாரே என்ற திமிரில், பாலத்து ஏற்றத்தில் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். உச்சிக்குப் போய், மறுபக்கம் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் மெல்ல அமுக்கினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை.

இறுக அமுக்கினேன். சந்தன வாசனையோடு இன்ஜின் ஆயில் வாசனையும் வந்தது. என் பழைய மாடல் சைக்கிளில் பிரேக் என்பது சக்கரத்தின் விளிம்பை இரண்டு ரப்பர் கட்டைகள் கவ்விப் பிடிப்பதுதான். கவ்வ வேண்டிய இடம் முழுக்க ஆயில். விஷயம் எனக்கு அந்த இறக்கத்தில்தான் விளங்கியது, விளங்கி என்ன பிரயோஜனம்?

கீழே பூஜைக் கடைகள். வலது கைப்பக்கம் வாஞ்சூருக்குப் போகும் கரி லாரி. இடது கைப்பக்கம் பூசணிக்காய் மலை. நடுவில் ஓர் அக்கா தார்ப்பாய் விரித்து பொரியைக் குவித்து, பின்னால் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். என் வாழ்க்கையில் நான் யோசித்து எடுத்த ஒரே சரியான முடிவு பூசணிக்காயை விட்டுவிட்டுப் பொரியைத் தேர்ந்தெடுத்ததுதான்.

பொரிக்குள் இருந்தபோது முதலில் கேட்டது அந்த அக்காவின் குரல்.

"ஏம்மா, பொரி வேணும்னா கேட்டா அளந்து குடுக்க மாட்டனா?"

இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கினார்கள். நான் மேலே போக, கூடவே சைக்கிளும் வந்தது. "என்னாங்க இது, கால வச்சு ஆணி அடிச்சிருக்கு" என்று பயந்து விட்டுவிட்டார்கள். மறுபடி பொரிக்குள் விழுந்தேன். அடியொன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஹெல்மெட்டின் ஓட்டை ஒவ்வொன்றிலும் பொரி. கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. நானே சிரித்திருப்பேன், வாயில் பொரி இல்லாமல் இருந்திருந்தால்.

மாமா வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும்தான் மூச்சு விட்டார். உடனே சைக்கிளைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து ஒக்காந்து நான்தான் இத ரெடி பண்ணன்" என்றார் சுற்றி நின்றவர்களிடம். "ரெண்டு பக்கமும் கட்ட ஒரசிக்கிட்டே கெடந்துச்சு. ஆயில் போட்டு தொடச்சன். இப்ப பாருங்க எப்புடி சுத்துதுன்னு. வண்டில ஒரு கொறையும் இல்ல. என்னம்மா ஆச்சு?"

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் இன்ஜின் காட்டுகிறவர்கள். நல்லவேளை, எல்லோரும் என் தலையிலிருந்து பொரி உதிர்வதைப் பார்ப்பதில் இருந்தார்கள். அவர் சொன்னதை யாரும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பாண்டிச்சேரி. அவருக்கு அந்தக் கடைத்தெருவில் ஆயுசுக்கும் ஒரு கெட்ட பெயர். அவர் நகக்கண்ணில் ஆயில் கறுப்பு அப்படியே இருந்தது.

"நான்தான் மாமா, பிரேக்க அமுக்க மறந்துட்டன்."

இன்னொரு முறை சிரிப்பு எழுந்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பிரேக்க மறக்குறவ பாண்டிச்சேரி போறன்னு நின்னா பாருங்க."

அவ்வளவுதான். முடிந்தது பாண்டிச்சேரி.

வீட்டுக்கு வந்து என் கணவர் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் கறுப்பானது. "ஏ, இது அப்பா போட்ட ஆயிலு. நான் போயி சொல்றன்" என்று கிளம்பியவரை சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "வாயத் தொறந்தீங்க, அப்பறம் உங்களுக்கு சோறு கெடையாது" என்றேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். நல்லது செய்துவிட்டு அதற்காக அழுவதைப் போல எரிச்சலான விஷயம் வேறு இல்லை.

மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா ஒரு வாளியும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக்கொண்டு சைக்கிள் சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார், சக்கரத்தைச் சுற்றுவார், மறுபடி தேய்ப்பார்.

"நேத்துதானே தொடச்சீங்க?" என்றார் அத்தை.

"பொரி ஒட்டிக்கிட்டு கெடக்கு" என்றார் மாமா, நிமிராமல்.

சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துக் கேட்டார். "பாண்டிச்சேரிக்கு எத்தினி மணிக்குக் கெளம்புறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள், "பின்னால நானும் வருவன்" என்றார்.

வந்தார். பளபள உடுப்பில் நாங்கள் ஒரு கூட்டம் வரிசையாகக் குனிந்து மிதிக்க, கடைசியில் ஒரு மொபெட். அதன் முன்னால் தொங்கிய பையில் அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோறு. வழியில் எத்தனை பாலம் வந்ததோ அத்தனைக்கும் மாமா வேகத்தைக் கூட்டி என் பக்கத்தில் வந்து, "பிரேக்கு, பிரேக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். கொள்ளிடம் பாலம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அது முடியும் வரை சொன்னார். பாண்டிச்சேரிக்குள் நான் நுழைந்தபோது மொபெட்டை ஓரம் கட்டி, யார் என்றே தெரியாத ஒரு பூக்காரம்மாவிடம், "எங்க மருமவ. காரைக்காலேர்ந்து மிதிச்சே வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

ஆயில் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் பொரிக் கதை மட்டும் எங்கள் வீட்டில் நிற்காமல் ஓடுகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமாதான் சொல்வார். ஆரம்பத்தில் ஒரு குவியலாக இருந்த பொரி இப்போது ஒரு லோடு ஆகிவிட்டது.

போன மாதம் என் நாத்தனார் மகளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வீட்டில் விருந்து. மாமா இலையில் உட்கார்ந்தபடியே கதையை ஆரம்பித்து, என்னை லோடுக்குள் தள்ளி, காலோடு ஆணி அடித்து, முடித்தார். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பரிமாறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏம்மா, நெசமாவே பிரேக்க மறந்துட்டியா?" என்று கேட்டார்.

மாமாவின் கை சாப்பாட்டில் அப்படியே நின்றது. என் கணவர் இருமினார்.

"ஆமாங்க, எனக்குக் கொஞ்சம் மறதி ஜாஸ்தி" என்றேன்.

கடைசிப் பந்தியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமா வந்து என் இலையில் ஒரு வடையை வைத்துவிட்டுப் போனார். அவர் பங்கு வடை. சாப்பிடாமல் எடுத்து வைத்திருக்கிறார்.