உஷ் டாக்டரும் என் கண்ணாடி வளையல்களும்

குளிர்சாதனப் பெட்டி மூச்சு விடுவதைக்கூடக் குற்றமாகப் பார்க்கிற மனிதரை சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் ஒருவரைத்தான் காட்ட முடியும். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் உஷ் டாக்டர்.

மூளையைப் பற்றி ஆராய்கிற ஒரு கூடத்தில் நான் அலுவலக நிர்வாகி. பிறந்து வளர்ந்தது செம்பவாங்கில். கப்பல்பட்டறையில் வேலை பார்த்துப் பார்த்து அப்பாவுக்குக் காது மந்தம். எங்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்படி வளர்ந்த குரலைக் கொண்டுபோய் உஷ் டாக்டரின் அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் போன பிறவியில் என்ன பாவம் செய்தாரோ தெரியாது.

நான் சேர்ந்த முதல் வாரமே அவர் தலை என் கதவுக்குள் நீண்டது. காலில் செருப்பில்லை, வெறும் காலுறை. சத்தம் வரக்கூடாதாம்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த வளையல கொஞ்சம் கழட்டி வச்சிட்டு டைப் பண்றீங்களா? சுவர் வழியா கேக்குது.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “டாக்டர், என் வீட்டுக்காரர் தெம்பனிஸ்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரு. கண்ணாடி வளையல கழட்டுன்னு எங்கிட்ட சொல்றீங்களா? நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?”

மனிதர் வெலவெலத்துப் போனார். “அல்லாவே! நான் அப்படி நெனச்சு சொல்லலக்கா.”

மறுநாள் என் மேசையில் ஒரு புதுக் கைக்குட்டை இருந்தது. வளையல்களின் மேல் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். கட்டிக்கொண்டேன். பார்த்தவர்களெல்லாம் கையில் என்ன அடி என்று விசாரித்தார்கள்.

அந்த மாடியிலிருந்த நாற்காலிகளுக்கெல்லாம் டென்னிஸ் பந்தைக் கீறிக் காலில் மாட்டியவரும் அவர்தான். எங்கள் தலைவரான சீனப் பேராசிரியரின் நாற்காலியையும் விடவில்லை. பேராசிரியர் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, “வை லைக் திஸ் லா?” என்று கேட்டார். உஷ் டாக்டர் உதட்டில் விரலை வைத்தார். அவ்வளவுதான் பதில்.

அவருடைய வேலை அப்படிப்பட்டது. எலி மூளையிலிருந்து மெல்லிய துண்டு ஒன்றைச் சீவி எடுப்பார். அதிலுள்ள ஒரே ஒரு செல்லின் மேல், முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை வைப்பார். குழாயின் மறுமுனையிலிருந்து வரும் ரப்பர் டியூப் அவர் வாயில் இருக்கும். மெல்ல உறிஞ்சினால் செல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பலமாக உறிஞ்சினாலும் கிழிந்துவிடும். யாராவது கதவை அறைந்து சாத்தினால் அன்றைய பாடு அத்தனையும் வீண்.

இதற்கு அவர் பயிற்சி எடுத்துக்கொண்ட இடம் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடை. தே தாரிக் என்கிற ஆற்றிய தேநீரைப் பிளாஸ்டிக் பொட்டலமாகக் கட்டி வாங்கி, ஸ்ட்ரா போட்டு, செல்லை உறிஞ்சுகிற அதே மென்மையோடு உறிஞ்சுவார். நான் ரொட்டி பிராட்டாவைத் தின்று முடித்துக் கை கழுவிவிட்டு வந்தாலும் அவர் பொட்டலத்தில் தேநீர் அப்படியே இருக்கும்.

கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். “டாக்டர், ஒழுங்கா குடிங்க லா. பாக்குற எனக்கே தொண்ட வத்திப் போவுது.”

அங்கேதான் ஒருநாள் அவரிடம் கேட்டேன், இத்தனை பாடு எதற்கு என்று.

“செல்லோட தோலுல குட்டிக் குட்டிக் கதவு இருக்குக்கா. அயான் சேனல்னு பேரு. பெரிய செல்லுக்கு ஒரு கெமிக்கல் வந்து அந்தக் கதவத் தொறந்தா, ‘உஷ், சும்மா கெட’ன்னு அர்த்தம். செல் அடங்கிடும். அதே கெமிக்கல் புதுசா பொறந்த செல்லோட கதவத் தொறந்தா, அது எந்திரிச்சிடும். கை கால் விட்டு வளர ஆரம்பிச்சிடும்.”

“அதெப்படி? ஒரே உஷ், பெருச அடக்குது, சிறுச எழுப்புதா?”

“சின்ன செல்லுக்குள்ள ஒரு உப்பு கூடுதலா இருக்கும். கதவு தொறந்தா பெருசுல அது உள்ள போவும், சின்னதுல வெளிய ஓடிவரும். அதான் வித்தியாசம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கெழட்டு எலிக்கும் புது செல் பொறக்குதுக்கா. ரொம்பக் கொஞ்சமா. அதுவும் இப்படி எந்திரிக்குதான்னு நான் பாத்தாகணும்.”

“மனுசங்களுக்கு? எனக்கு?”

“அதுல பெரிய சண்டையே நடக்குது. என்னை இழுத்துவிடாதீங்க.”

செல் எழுவதைக் கணினியில் கோடாகக் காட்டுகிற நல்ல பதிவு ஒன்றுகூடக் கிழட்டு எலியில் இன்னும் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் கிடைக்காவிட்டால் நீட்டிப்பு இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

“இல்லன்னா டியூஷன் எடுக்கப் போவேன்,” என்றார் உஷ் டாக்டர்.

“நல்லதாப் போச்சு, பிள்ளைங்களுக்கு உஷ் சொல்லலாம்,” என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மேல்மாடியில் பராமரிப்பு வேலை தொடங்கியது. டிரில் போட்டார்கள். என் பல்லே ஆடியது என்றால் செல் என்ன ஆகியிருக்கும்! உஷ் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

நானே மேலே போனேன். மேற்பார்வையாளர் முருகேசன், புதுக்கோட்டைப் பக்கம், பூன் லே தொழிலாளர் விடுதியிலிருந்து வருகிறவர்.

“தம்பி, ஒரு நாளைக்கு நிறுத்துங்களேன்.”

“முடியாதுக்கா, என் சீட்டக் கிழிச்சிடுவாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு பசங்க ஒரு மணி நேரம் கட்டையச் சாய்ப்பாங்க. வேணும்னா சாப்பாட்டுக்கும் சேத்து சத்தம் போடாம பாத்துக்குறேன்.”

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும் லிஃப்டில் அடித்துப் பிடித்துச் சாப்பிடப் போவார்கள். விடுவேனா? லிஃப்டுக்கு முன்னால் டென்னிஸ் பந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் நகரக்கூடாது. பேராசிரியர் கழிப்பறைக்குப் போக எழுந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். பாவம், உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே உஷ் டாக்டர் டியூபை வாயில் வைத்துக் குனிந்துவிட்டார். மாடி முழுக்க நிசப்தம். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. லேசாகக் கையை அசைத்தேன். கைக்குட்டைக்குள்ளிருந்து வளையல் சிணுங்கியது.

யாரும் சொல்லவில்லை. நானேதான் ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்தேன். வீட்டுக்காரருக்கு அன்று விடுமுறை, நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார், ஒன்றும் ஆகாது என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேலே யாரோ சோம்பல் முறித்து எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

“எந்திரிச்சிருச்சு!”

அலறல். கட்டடமே அதிர்ந்தது. டிரில் இல்லை, உஷ் டாக்டர்தான். “அக்கா! கெழவனோட குட்டி செல்லு எந்திரிச்சிருச்சுக்கா!” என்று மேசையை ஓங்கி ஓங்கித் தட்டினார். தட்டிய தட்டில் செல் பிய்த்துக்கொண்டு போயிற்று. போகட்டும், பதிவு ஏற்கெனவே கணினிக்குள் பத்திரமாக விழுந்திருந்தது.

வளையல்களைக் கைக்குட்டையில் அள்ளிக்கொண்டு நான் ஓடிப்போய் நின்றேன். திரையில் தூங்கிக்கிடந்த கோடு சட்டென்று நிமிர்ந்து குதித்திருந்தது. அவர் கண்ணில் தண்ணீர். திரையைக் காட்ட வந்தவர் என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“அக்கா… வளையல்…”

“உஷ்,” என்றேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தாரானால் நானும் அழுதிருப்பேன்.

வளையல்களைப் போட்டுக்கொண்டு முதல் காரியமாக வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். அவர் திட்டு அன்றைக்குப்போல் என்றைக்கும் இனித்ததில்லை.

உஷ் டாக்டருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. இப்போது வேறு கட்டடத்தில், தனக்கென்று ஓர் ஆய்வகத்தோடு இருக்கிறார். என் பக்கத்து அறையில் இப்போது இருக்கும் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறாள். நான் எவ்வளவு கத்தினாலும், வளையல் எவ்வளவு குலுங்கினாலும் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கதவு திறந்து காலுறைக் காலோடு ஒரு தலை நீண்டு, “கழட்டுங்கக்கா” என்று கேட்டால், இப்போது நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.