எடை குறையும் அடகு

அடகு வைத்த பொருள் எடை குறைந்துகொண்டே வந்தது.

குருமூர்த்தி மறுபடியும் தராசில் வைத்துப் பார்த்தார். நேற்றைவிட இருநூறு கிராம் கம்மி. பொருள் தராசிலிருந்து குதித்து, "கொளகொளகொள" என்று அவரைத் திட்டியது.

விருத்தாசலத்தில் அவர் அடகுக்கடை திறந்து ஒரு வாரம்தான். செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் கலியபெருமாள், "நகையெல்லாம் இல்லீங்க, இதான் இருக்குது. ஆயிரம் ரூவா குடுங்க" என்று வான்கோழியை நீட்டியபோது, முதல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. வைத்த எடை குறையாமல் திருப்பித் தருவதுதான் அடகுக்கடைக்கு மானம். தங்கத்துக்குப் பசிக்காது என்பதை அதுவரை அவர் ஒரு பெரிய வசதியாக நினைத்ததே இல்லை.

"சோறு வச்சா மூஞ்சத் திருப்பிக்குது" என்றார் மனைவியிடம்.

"தனியா கெடக்குதுல்ல? ஏக்கம்" என்றாள் பானுமதி.

அவள் வீட்டிலேயே செராமிக் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுபவள். அவள் முடித்து வைத்திருந்த சேவல் ஒன்றைத் தூக்கி வந்து துணைக்கு நிறுத்தினார் குருமூர்த்தி. வான்கோழி அதைச் சுற்றி வந்து பார்த்தது. அப்புறம் ஒரே கொத்து. சேவலுக்குத் தலை இல்லை.

"ஐயோ, ஆர்டர் பொம்மைங்க அது! நாளைக்கு எடுத்துக்க வராங்க!"

"மொதல்ல அலகு ஒடைஞ்சிருக்குதான்னு பாரு."

"என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடிப் பாத்துருக்கீங்களா?"

வேறு வழியில்லாமல் அவரே துணைக்கு உட்கார்ந்தார். அவர் ஒரு வாய் தின்றால் அது ஒரு வாய் தின்றது. இரண்டு பேருக்கும் எடை ஏறியது. ஆனால் அது அவரை விட்டு நகர மறுத்தது. வேறு யாரையும் அண்டவும் விடவில்லை. அசல் தங்கச் சங்கிலியோடு வந்த வேப்பூர்க்காரரை பஸ் ஸ்டாண்டு வரை துரத்திவிட்டுத்தான் திரும்பியது.

ஒருவழியாகக் கலியபெருமாள் வந்தார், மொட்டைத் தலையோடு. கூடவே அவர் மனைவி துர்கா. அசலும் இருபது ரூபாய் வட்டியும் மேசைக்கு வந்தன. தராசு முக்கால் கிலோ கூடுதலாகவே காட்டியது.

"ஒரு கிராம் கொறையல, பாத்துக்குங்க. தொழில் சுத்தம்" என்று குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

துர்கா வான்கோழியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் பாத்துருக்கீங்கண்ணே. பழனி, திருச்செந்தூருன்னு நாங்க கோயில் சுத்திட்டு வர வரைக்கும் இதப் பாத்துக்கச் சொன்னா, பக்கத்து வூட்டக்கா ஒரு நாளைக்கு நூறு ரூவா கேட்டாங்க. உங்க வட்டிதான் சல்லிசு!"