சிவராஜ் வாங்காத கிரைண்டர்

பங்குனி உத்திரத்துக்குள் கருப்பு பைக் ஒன்று வாங்கியே தீருவது என்று உமாபதி முடிவெடுத்தான். முடிவெடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

காரணம் என்னவோ நல்ல காரணம்தான். புதுப் பெண்டாட்டி கலைவாணி வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பஸ் நெரிசலில் போய், பிழிந்த துணி மாதிரி திரும்பி வந்தாள். "இனிமே பஸ்ஸே கிடையாது. மகாராணி மாதிரி பைக்ல கொண்டுபோய் விடறேன்" என்று மாமனார் எதிரிலேயே வாக்குக் கொடுத்திருந்தான் உமாபதி. வாக்குக் கொடுப்பதில் அவன் கர்ணன்.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், பி.சி.ஏ.வில் ஃபர்ஸ்ட் கிளாஸ். லோன் கொடுக்க பேங்குக்குக் கசக்குமா? காந்தி ரோட்டில் இருந்த ஒரு பேங்குக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தான்.

மேனேஜர் ரேணுகாம்பாள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். உமாபதியைப் பார்த்தார். மறுபடியும் கம்ப்யூட்டரையே பார்த்தார். இரண்டில் அதைத்தான் நம்புவதாகத் தெரிந்தது.

"உங்க சிபில்ல பிரச்சனை இருக்குதே தம்பி."

"சிவிலா? மேடம், எங்க குடும்பத்து மேல சிவிலும் இல்ல, கிரிமினலும் இல்ல!"

"சிவில் இல்லப்பா, சிபில். வாங்கின கடனை ஒழுங்கா கட்டினீங்களான்னு பார்த்துப் போடற மார்க்."

"மார்க்கா? தைரியமா சொல்லுங்க மேடம். நான் எப்பவும் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"ஐந்நூத்தி நாப்பது."

"ஐந்நூறுக்கு மேலயே போட்டுட்டாங்களா!"

"தொள்ளாயிரத்துக்கு. அதுலயும் முந்நூறு எல்லாருக்கும் உண்டு. சும்மா வந்து உக்காந்தாலே முந்நூறு."

நிமிர்ந்த நெஞ்சு சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு வந்தது.

"காலேஜ் முடிச்ச கையோட கிரெடிட் கார்டு ஏதாவது வாங்கினீங்களா?" என்றார் ரேணுகாம்பாள்.

வாங்கினான். சென்னையில் முதல் வேலை, முதல் சம்பளம். ஆபீஸ் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒருவன், கையெழுத்துப் போட்டால் தோள்பை இலவசம் என்றான். உமாபதி பைக்காகத்தான் கையெழுத்துப் போட்டான். கார்டு கூடவே வந்தது. அந்தக் கார்டில் ஒரு ஷூ, கூட்டாளிகளுக்கு நாலைந்து முறை பிரியாணி. 'குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்' என்று பில்லில் இருந்ததை அருள்வாக்காக எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் அதைக் கட்டினான். பிறகு வேலை மாறியது, அறை மாறியது, போன் நம்பர் மாறியது. கார்டு தொலைந்தது. கார்டோடு கடனும் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டான். கடன் தொலையவில்லை. வட்டியும் அபராதமுமாகத் தின்று, அடையாளம் தெரியாத அளவுக்குக் கொழுத்துப் போயிருந்தது. அன்றைக்குப் பைக்காகப் போட்ட கையெழுத்து இன்றைக்கு பைக்குக்குக் குறுக்கே நின்றது.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"மொத்தமா கட்டிடுங்க. பாதி குடு, முடிச்சிக்கலாம்னு கார்டுக்காரங்க கூப்பிடுவாங்க. போகாதீங்க, அதுவும் கறையா நிக்கும். பாக்கி இல்லன்னு எழுதி வாங்குங்க. அப்புறம் சின்னதா ஏதாவது தவணையில எடுத்து, தேதி தவறாம கட்டுங்க. தானா ஏறும். ஒவ்வொரு பேங்கா போயி லோன் கேட்டுக்கினு இருக்காதீங்க. கேக்கக் கேக்க மார்க் இறங்கும்."

வருகிற வழியிலேயே மூன்று பேங்கில் லோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததை உமாபதி சொல்லவில்லை.

வீட்டில் கலைவாணி காத்திருந்தாள்.

"என்னாச்சுங்க? லோன் குடுத்துட்டாங்களா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். பி.சி.ஏ. ஃபர்ஸ்ட் கிளாஸ் குறுக்கே வந்து வாயை மூடியது. வேறொன்று வெளியே வந்தது.

"எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல கலை. கம்பெனியில ஒரு ஃப்ரெண்டு. பாவம், அவனுக்குத்தான்..." என்று ஆரம்பித்துத் தோள்பை, பிரியாணி முதல் பேங்கில் சொன்ன யோசனை வரை முழுக் கதையையும் ஃப்ரெண்டின் தலையில் கட்டினான். "அவன் கஷ்டம் தீர்ற வரைக்கும் நான் மட்டும் பைக் வாங்கினா நல்லா இருக்காது."

"யாருங்க அந்த ஃப்ரெண்டு?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. நாக்கில் முதலில் வந்த பெயரைச் சொன்னான். "சிவராஜ்."

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அதே கம்பெனி பஸ்ஸில் வருகிற சிவராஜ், பக்கத்து சீட்டில் பேனாகூடக் கடன் கேட்காதவன்.

"கடன் வாங்கி பிரியாணி தின்னாரா? அந்த ஆளுக்கு அறிவு இருக்குதா இல்லையா?"

"கொஞ்சம் கம்மிதான்" என்றான் உமாபதி.

"பொண்டாட்டிகிட்ட சொன்னாரா?"

"இல்ல. பயப்படறான்."

"பயம் இருக்குது இல்ல? அப்ப பொழைச்சிக்குவாரு."

மறுநாள் முதல் அந்த வீட்டில் சிவராஜுக்கு வைத்தியம் ஆரம்பமானது.

"சம்பளம் வந்த அன்னிக்கே கார்டு கடனுக்கு எடுத்து வெக்கச் சொல்லுங்க உங்க ஃப்ரெண்டை. மிச்சத்துலதான் குடும்பம்."

"சொல்றேன்."

"பஸ் விட்டு இறங்கினதும் போண்டா தின்னறதை நிறுத்தச் சொல்லுங்க."

"அவன் போண்டா தின்னறது உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரியாணி தின்னவரு போண்டாவை மட்டும் விட்டுவெப்பாரா?"

உமாபதி போண்டாவை விட்டான். சினிமாவை விட்டான். சம்பளத்தில் வீட்டுக்கு வருவது குறைந்ததை அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தன் சாமர்த்தியம்தான் என்று அவனே தன் முதுகைத் தட்டிக்கொண்டான். பங்குனி உத்திரம் வந்தது, போனது. தெருவில் எல்லோரும் "பைக் எங்கப்பா?" என்று கேட்டார்கள். "கலர் வரல" என்று சொல்லிச் சமாளித்தான். கருப்பில் என்ன கலர் வர வேண்டும் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

ஒருவழியாகக் கார்டு கடன் முழுசாக அடைந்தது. பாக்கி இல்லை என்று எழுதியும் வாங்கியாயிற்று. "சிவராஜ் முடிச்சிட்டான்!" என்று கூவிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

"நல்லது. அடுத்து தவணையில ஏதாவது எடுக்கணுமே?" என்றாள் கலைவாணி. "வெட் கிரைண்டர் எடுக்கச் சொல்லுங்க."

"கிரைண்டரா?"

"டி.வி. எடுத்தா அவரு வேலையைப் பார்க்கமாட்டாரு. கிரைண்டர் எடுத்தா அவரு பொண்டாட்டியாவது வாழ்த்துவா."

சிவராஜ் கிரைண்டர் எடுத்தான், உமாபதியின் கையெழுத்தில். அது எங்கே வந்து இறங்குவது என்ற சங்கடம், கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் உமாபதிக்கு உறைத்தது.

"சிவராஜ் வீட்ல வெக்க இடம் இல்லையாம் கலை. கொஞ்ச நாள் நம்ம வீட்ல இருக்கட்டும்னான்."

"ஐயோ பாவம். சும்மா கிடந்தா துருப்புடிச்சிடுமே" என்று கலைவாணி அன்றைக்கே அரிசி ஊறப்போட்டாள். அன்றிலிருந்து வாரம் முழுக்க வீட்டில் இட்லி. உமாபதி தவணை கட்டினான், இட்லி தின்றான். தவணையும் தவறவில்லை, இட்லியும் தவறவில்லை.

தை பிறந்ததும் ரேணுகாம்பாள் முன்னால் போய் உட்கார்ந்தான். இந்த முறை நெஞ்சை நிமிர்த்தவில்லை. மூச்சைக்கூட அடக்கித்தான் வைத்திருந்தான்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு உமாபதியைப் பார்த்தார். அதோடு சரி, திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை.

"எழுநூத்தி முப்பது. ஏறிடுச்சுப்பா. லோன் குடுத்துடலாம்."

வெளியே வந்து ஒரு பட்டுக்கடை படியில் உட்கார்ந்துவிட்டான். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம் அவனைத் தாண்டித் தாண்டிப் போனது. மாசக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனான்.

சிவராஜுக்கு மார்க் ஏறிவிட்டது என்ற செய்தி கேட்டதும் கலைவாணி சொன்னாள்: "சந்தோஷம்ங்க. ஞாயித்துக்கிழமை சிவராஜ் அண்ணனை சாப்பிடக் கூப்பிடுங்க. நான் அவரைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசணும்."

மல்லிகைப்பூ கையிலிருந்து நழுவியது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் சிவராஜின் காலில் விழாத குறை. "டேய், ஒரு வேளை சாப்பாட்டு நேரத்துக்கு நீ முட்டாளா இருக்கணும். அவ எதைக் கேட்டாலும் தலையை ஆட்டு, போதும்."

ஏன், எதற்கு என்று சிவராஜ் கேட்கவே இல்லை. "குழம்பு என்னாபா?" என்று மட்டும் கேட்டான்.

ஞாயிறு. இலை போட்டு, சூடாகக் கோயில் இட்லி முதலில் வந்தது. மிளகும் சுக்கும் மணக்க மணக்கப் பரிமாறிக்கொண்டே கலைவாணி கேட்டாள்:

"பிரியாணி தின்ன கடனெல்லாம் தீர்ந்துச்சாண்ணா?"

சிவராஜ் தலையை ஆட்டினான்.

"இனிமே பைக்கு ஆசைப்பட்டு கண்ட இடத்துல கையெழுத்து போடுவீங்களா?"

தலை ஆடியது. எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் வட்டமாக ஆடியது.

"உங்க கிரைண்டர்ல அரைச்ச மாவுதாண்ணா. எப்படி இருக்குது?"

அவ்வளவுதான். சிவராஜுக்குப் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"முடியலம்மா தங்கச்சி! இதுக்கு மேல என்னால நடிக்க முடியல. டேய் உமாபதி, நீ என் பேரைச் சொன்ன மறுநாளே உன் வீட்டம்மா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்கடா. என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி என்னை நிக்கவெச்சிக் கேட்டா பாரு கேள்வி! நான் கடனே வாங்கலைன்னு நிரூபிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு வேளை சோறு போச்சு. அதுக்குத்தான் இந்த விருந்து."

உமாபதி இலையைப் பார்த்தான். இட்லியைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சிவராஜ் போன பிறகு மெதுவாகக் கேட்டான். "தெரிஞ்சிக்கினே ஏன் கலை கேக்கல?"

"கேட்டிருந்தா கோவிச்சிக்கினு, என் வாயை அடைக்க இன்னொரு எடத்துல கடன் வாங்கியிருப்பீங்க. ஃப்ரெண்டுக்குன்னதும் எவ்ளோ ஒழுங்கா செஞ்சீங்க! எனக்கும் திட்டணும்போல இருந்தப்பல்லாம் சிவராஜ் அண்ணனைத் திட்டிக்கினேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. அந்தச் சுகத்தில் கொஞ்சம் துணிச்சலும் வந்தது.

"அப்ப நாளைக்கே போயி கருப்பு பைக் புக் பண்ணிடலாமா?"

"பைக்கா? நான் ஸ்கூட்டருக்கு நேத்தே அட்வான்ஸ் குடுத்தாச்சே. மிச்சத்துக்குத்தான் உங்க லோன் இருக்குதே. மங்கை அக்கா ஓட்டவும் கத்துக்குடுத்துட்டாங்க. நானே ஓட்டிக்கினு வாலாஜாபாத் போயிடுவேன். நீங்க எப்பவும்போல கம்பெனி பஸ்ல போங்க."

"அப்ப நான் ஒரு வருஷமா போண்டாகூட தின்னாம சேர்த்தது?"

கலைவாணி ஒரு தட்டில் இன்னொரு இட்லி வைத்து அவனிடம் நீட்டினாள்.

"அது எங்கயும் போகலங்க. ஸ்கோர் உங்களுது, ஸ்கூட்டர் என்னுது."