கழுதை முதுகு நடுத்தர மலைதான்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இந்த முதல் வரியை நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். என் மகளும் உங்கள் மகனும் பிரிந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு உங்களை என்னவென்று அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'ஐயா' என்று எழுதினால் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுப்பது போல இருக்கிறது. 'நண்பரே' என்றால் நம் இரண்டு வீட்டிலும் சண்டை வரும். நேரில் பார்க்கும்போது பழைய பழக்கத்தில் 'சம்பந்தி' என்றுதான் வாயில் வருகிறது, நீங்களும் திரும்பிப் பார்க்கிறீர்கள். ஆகவே அதையே வைத்துக்கொள்கிறேன்.

இங்கு நானும் என் இரண்டு முழங்கால்களும் சுமாராக இருக்கிறோம். அங்கு உங்கள் இடது காரை எலும்பு கூடி வருகிறதா என்று தெரிந்துகொள்ள விருப்பம். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் இப்படி ஒரு கடிதம் வந்ததே அவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதால், அந்த வணக்கத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று என் பின் பிரேக்கைச் சரிசெய்து கொண்டுவந்த சைக்கிள் கடைக்காரர், என் மனைவி உள்ளே போகும்வரை வாசலிலேயே நின்றிருந்துவிட்டு, "சார், அவரு உங்ககூடப் பேச மாட்டாராம்" என்றார். "பேசலைன்னு எனக்கே தெரியுமே" என்றேன். "இல்ல சார், பேச மாட்டேங்கறதை உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. கழுதை முதுகைக் கடினம்னு மாத்திப் போட்டாத்தான் இனிமே பேச்சாம்." உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. நம் சைக்கிள் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை போடும் மலைக் கையேட்டை சம்பந்தி அம்மா எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கழுதை முதுகுக்கு எதிரே 'நடுத்தரம்' என்று போட்டிருக்கிறது. "நடுத்தரத்துலயே எலும்பை உடைச்சுக்கிட்டு வந்த மனுஷனுக்கு இனிமே சைக்கிள் ஒரு கேடா? கட்டு பிரிச்சதும் வித்துடறேன்" என்று சொல்லிவிட்டார்களாம். கடினமான மலையில் விழுந்திருந்தால், இனிமேல் சின்ன மலையாகப் பார்த்து ஏறுங்கள் என்று விட்டிருப்பார்கள். புதிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மலைகளுக்கு மதிப்பெண் போடுபவன் நான். ஆகவே நீங்கள் கேட்பதில் தப்பு இல்லை.

ஆனால் மாற்ற முடியாது, சம்பந்தி. கோபத்தில் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், போட்ட மதிப்பெண்ணை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வருடம் ஒரு மாணவன் முப்பத்து நான்கு வாங்கினான். முப்பத்தைந்து இருந்தால் தேர்ச்சி. அவனுடைய அப்பா பள்ளி வாசலில் மழையில் நனைந்தபடி நின்றார். நான் என் குடையைக் கொடுத்தேனே தவிர, ஒரு மதிப்பெண்ணைக் கொடுக்கவில்லை. அந்த மாணவன்தான் போன மாதம் உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தவன். நீங்கள் இருந்த வலியில் கவனித்திருக்க மாட்டீர்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "உடைஞ்சிருக்கு சார். ஒரு மார்க் கூட்டிப் போட்டெல்லாம் ஒட்ட வைக்க முடியாது" என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காக இருபது வருடம் காத்திருந்திருக்கிறான்.

நடுத்தரம் என்றால் என்ன என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காரும் மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததுமே விடை தெரிகிற கணக்கைக் கொடுத்தால் தூங்கிவிடுவான். இரண்டு பக்கம் எழுதியும் முடியாத கணக்கைக் கொடுத்தால் அழுதுவிடுவான். ஓர் இடத்தில் திணறி, தலையைச் சொறிந்து, பிறகு தானாக வழி கண்டுபிடிக்கிற கணக்குத்தான் அவனுக்குச் சரி. நம்மைப் போல ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மலையைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஏற்றம், நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம், இரண்டு கையை நீட்டினாலும் இடிக்காத பாதை, கல் இருந்தாலும் காலடியில் உருளாத தரை, பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக இடம், மனசு மாறினால் பாதியிலேயே வீடு திரும்ப ஒரு குறுக்கு வழி, இவ்வளவும் வேண்டும். நடுத்தர மலை நம்மை ஒரு தடவை பயமுறுத்த வேண்டும், இரண்டு தடவை மன்னிக்க வேண்டும். டவர் மலை பயமுறுத்துவதே இல்லை, உச்சிவரை தார் ரோடு. அது எளிது. மொட்டைப் பாறை மன்னிப்பதே இல்லை. அது கடினம். அங்கே நாம் மூன்று நிமிடம் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "டீ ஆறிடும், வாங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லித் திரும்பி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இருந்தாலும் ஒருவேளை நான்தான் தவறாகப் போட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில், இன்று காலை தனியாகக் கழுதை முதுகுக்குப் போனேன். மனைவியின் தையல் டேப்பையும், பள்ளியில் கரும்பலகையில் வைத்து வரையும் பெரிய மரக் கோணமானியையும் பையில் போட்டுக்கொண்டேன். உடைந்த படி என்று நாம் சொல்வோமே, அந்த இறக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து அளந்தேன். மேலிருந்து இறங்கி வந்த இரண்டு பெண்கள் சைக்கிளை நிறுத்தி, "எதையாவது தொலைச்சுட்டீங்களா ஐயா?" என்று கேட்டார்கள். 'ஆமாம்மா, கூட வந்தவரை' என்று வாய்வரை வந்தது. கோணம் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர்கள் என்னைவிட்டு வேகமாக இறங்கிப் போனார்கள், அந்த இறக்கத்தில், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு. சரிவு பதினொரு டிகிரி. எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. கடினம் எழுபதில் தொடங்குகிறது. உச்சியில் உட்கார்ந்து மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டேதான். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிய பிறகுதான் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன் என்று கவனித்தேன். இரண்டையும் நானே குடித்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு மேல் எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் நமக்குள்ளாவது உண்மை இருக்க வேண்டும். நீங்கள் மலையில் விழவில்லை. உடைந்த படியை அருமையாக இறங்கினீர்கள், என்னைவிட நன்றாகவே. கீழே வந்து, வனக்காவலர் அறைக்கு எதிரே கார் நிறுத்தும் இடத்தில், சமதளத்தில், சைக்கிளை நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா சம்பந்தி, உடம்புல ஒரு கீறல் இல்ல" என்று சொன்னீர்கள். சொல்லி முடிப்பதற்குள், பெடலில் பூட்டிய ஷூவை விடுவிக்க மறந்து, நின்ற நிலையிலேயே இடது பக்கமாகச் சாய்ந்தீர்கள். யாரோ பொறுமையாகப் படுக்க வைத்தது போல இருந்தது. வனக்காவலர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்திருக்கக்கூட நேரம் இருந்தது. பதற்றத்தில் ஷூவை விடுவிக்க வராமல் அதைப் பெடலிலேயே விட்டுவிட்டு உங்கள் காலை மட்டும் உருவினோம். கீழே கிடந்தபடியே, "எங்க விழுந்தேன்னு வீட்ல சொல்றது?" என்று கேட்டீர்கள். "உடைஞ்ச படியிலன்னு சொல்லுங்க" என்றவன் நான். அந்தப் பொய் என்னுடையது. பூட்டுகிற ஷூவும் என்னுடைய யோசனைதான். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் நீங்கள், "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாக்கூட அமுக்க ஒரு மணி இருக்கும். இதுல என்ன சார் இருக்கு?" என்று வாங்கிய அன்றைக்கே கேட்டீர்கள். "குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்க, அவ்வளவுதான்" என்று நான் பாடம் எடுத்தேன். பத்துத் தடவை செய்து காட்டச் சொன்னேன். பத்தும் சரியாகச் செய்தீர்கள். வகுப்பில் பத்துத் தடவை சரியாகப் போட்டவன் தேர்வில் கோட்டை விடுவதை முப்பத்து மூன்று வருடம் பார்த்தவன் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பொய் வேறு, மதிப்பெண் வேறு. பொய் நம் இரண்டு பேருக்குள் கிடக்கும். மதிப்பெண் அச்சில் ஏறி, நாம் பார்த்தே இராத ஒருவர் கைக்குப் போகும். 'கடினம்' என்று படித்துவிட்டு, ஏறியிருக்க வேண்டிய ஒரு நடுத்தர ஆசாமி வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். அது பாவம் இல்லையா?

மனசு சரியில்லாமல்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம் இரண்டு பேருக்கும் சர்க்கரை வந்ததைப் பார்த்து, ஆளுக்கொரு சைக்கிள் வாங்கித் தந்தது உங்கள் மகன்தான், அப்போது என் மருமகன். அவர்கள் பிரிந்தபோது பாத்திரம், புத்தகம், மிக்ஸி என்று பட்டியல் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். இந்த இரண்டு சைக்கிளை யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற நடைகூடத்தின் ஒரு முனையில் உங்கள் வீடு, மறு முனையில் எங்கள் வீடு. லிஃப்ட் முனகிக்கொண்டே மேலே வந்து நின்றது. நீங்கள் யாரையும் பார்க்காமல், "இதோட பிரேக் தேஞ்சு போச்சு" என்றீர்கள். "இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?" என்று நான் கேட்டேன். "பாத்து ஓட்டினா தாங்கும்" என்றீர்கள். பிறகு, கொஞ்சம் கழித்து, "ஞாயித்துக்கிழமை எந்த மலை?" என்றீர்கள். நடுவில் ஒரு பேரக்குழந்தை இருந்திருந்தால் அதைச் சாக்கு வைத்தாவது உங்கள் தெருவுக்கு வரலாம். அதுவும் இல்லை. நாம் சந்தித்துக்கொள்ள இருக்கிற ஒரே காரணம் மலைதான். உங்கள் சைக்கிள் போய்விட்டால், நாளைக்கு எங்காவது மருந்துக்கடையில் எதிரெதிரே பார்த்தால்கூட, எதைக் கேட்டுப் பேச்சை ஆரம்பிப்பது?

இந்த இடத்தில் என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கு?" என்றாள். "சங்கத்துக்கு" என்றேன். "சங்கத்துக்குக் காரை எலும்பு எப்ப முளைச்சது?" என்றாள். நான் பேனாவை மூடினேன். "அவங்களுக்கும் நமக்கும் இனிமே என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள். கதவுவரை போய்த் திரும்பி, "முதுகுக்கு ரெண்டு தலையணை வெச்சு சாஞ்ச மாதிரி தூங்கச் சொல்லுங்க. எங்க அண்ணனுக்கு அதுலதான் வலி கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே கழுதை முதுகு நடுத்தரம்தான். இதுவே என் முடிவு, இதில் மாற்றம் இல்லை. உங்கள் ஹெல்மெட் என்னிடம் இருக்கிறது. அதன் பஞ்சுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து, நாளை சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். எலும்பு நேராகக் கூடட்டும். ஆறும்வரை உங்களுக்குத் தும்மல் வராமல் இருக்கட்டும். வீட்டில் எல்லோரும், எங்கள் மேல் கோபமாக இருப்பவர்களும், நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாறாத அன்போடும் மாற்ற முடியாத மதிப்பெண்ணோடும்,
உங்கள் (இந்த இடத்தையும் நான்கு முறை அடித்துவிட்டேன்)
கணக்கு வாத்தியார்

பின்குறிப்பு: இதை வியாழக்கிழமை, சைக்கிள் கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். தாளில் இருக்கும் கறுப்பு, செயின் எண்ணெய். ஹெல்மெட்டைக் கொடுக்க வந்தேன். உங்கள் சைக்கிள் இங்கே கூரைக் கொக்கியில் தலைகீழாகத் தொங்குகிறது. "கட்டு பிரிக்கிற வரைக்கும் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டுன்னு அம்மா நேத்தே கொண்டாந்து விட்டுட்டாங்க சார். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வராரு" என்றார் கடைக்காரர். பெடலில் உங்கள் இடது ஷூ இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். உடனே வந்துவிட்டது. அவ்வளவுதான், சம்பந்தி.

அதைக் கையில் வைத்துக்கொண்டே சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். கழுதை முதுகு எழுபது, கடினம். "அளந்தீங்களா சார்?" என்று கேட்டார். "நேத்துதான் அளந்தேன்" என்றேன். ஒரு மாணவனுக்கு ஒன்று கொடுக்காத கை, ஒரு மலைக்குப் பதினெட்டு கொடுத்துவிட்டது. எக்ஸ்ரேக்கு மறுபடி போகும்போது அவனிடம் சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருபவரிடம், இந்த சைக்கிள் உங்கள் உயரத்துக்குச் சரிவராது என்று சொல்லும்படியும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். வருபவரின் உயரம் எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆகவே மேலே இருக்கும் பக்கங்களைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள். தனித் தாளில் இருக்கும் அடுத்த குறிப்பை மட்டும் சம்பந்தி அம்மா கண்ணில் படும்படி எங்காவது வையுங்கள். என் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும் என்பதால் அதை இடது கையால் எழுதியிருக்கிறேன்.

ஐயா, கழுதை முதுகு இந்த ஆண்டு முதல் கடினமான மலைகளின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அதன் உடைந்த படியில் இறங்கத் துணிந்த தங்களைச் சங்கம் பாராட்டுகிறது. தோள் குணமான பிறகு தாங்கள் நடுத்தர மலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூட்டுகிற ஷூ கூடாது. தனியாகப் போகக் கூடாது, துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் வயதானவராகவும், மெதுவாக ஓட்டுபவராகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாதவராகவும் இருப்பது நலம்.